டெலவேர் வாட்டர் கேப்பில் வேட்டை: இரண்டு கரைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே ஓடிவரும் டெலவேர் ஆறு, கிட்டட்டின்னி மலைத்தொடரை அறுத்துக்கொண்டு தெற்கே வெளியேறும் கணவாய்க்கு டெலவேர் வாட்டர் கேப் என்று பெயர். அந்தக் கணவாயிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 மைல் நீளத்துக்கு, ஆற்றின் இரு கரைகளிலும் விரிந்து கிடக்கும் சுமார் 70,000 ஏக்கர் காடும் வயலும் சேர்ந்ததே டெலவேர் வாட்டர் கேப் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி. நியூ ஜெர்சியின் எடிசன், பார்சிப்பனி நகரங்களிலிருந்து கோடையில் அருவி பார்க்கவும் படகு ஓட்டவும் அங்கே போகும் தமிழ்க் குடும்பங்கள் பல. அதே மலைச்சரிவுகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும் வில்லோடும் துப்பாக்கியோடும் மனிதர்கள் சட்டப்படி வேட்டையாடுகிறார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த நமக்கு, 'சட்டப்படியான வேட்டை' என்ற சொற்றொடரே முதலில் முரண்பாடாகத்தான் தோன்றும். ஆகவே, விதிகளுக்குள் நுழையும் முன் அந்த உரிமை அங்கே எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

1955 ஆகஸ்டில் கான்னி, டயான் என்ற இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்து டெலவேர் ஆற்றில் பெருவெள்ளத்தை ஏற்படுத்தின. அதன் விளைவாக, டாக்ஸ் தீவு என்ற இடத்தில் பெரிய அணை ஒன்றைக் கட்ட 1962இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி அளித்தது. அணைக்குப் பின்னால் உருவாகவிருந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பொதுமக்கள் பொழுதுபோக்குவதற்கான நிலமாக, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தப் பகுதி நிறுவப்பட்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளும் பண்ணைகளும் அரசால் கையகப்படுத்தப்பட்டன. வீடுகள் பல இடிக்கப்பட்டன. ஆனால் அணை வரவேயில்லை. 1975இல் ஆற்றுப்படுகை மாநிலங்களின் ஆளுநர்களில் பெரும்பான்மையோர் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். 1978இல் ஆற்றின் அந்தப் பகுதி இயற்கை எழில் மிக்க தேசிய ஆறாகப் பாதுகாக்கப்பட்டது. நீர்த்தேக்கம் இல்லாத நிலம், தேசியப் பூங்கா சேவையின் கையில் தங்கியது. மக்கள் இழந்ததன் மேல்தான் இந்தக் காடு நிற்கிறது என்பதை, பாழடைந்த புகைபோக்கிகளையும் கல்வேலிகளையும் கடந்து நடக்கும் எந்த வேட்டைக்காரரும் மறக்கக் கூடாது என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பொதுவான விதி வேட்டைத் தடையே. சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் இடங்கள் மட்டுமே விலக்கு. 1965ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே வேட்டையையும் மீன்பிடிப்பையும் அனுமதிக்க வேண்டும் என்று சொல்கிறது. கூடவே, பொதுமக்களின் பாதுகாப்பு, நிர்வாகம் முதலிய காரணங்களுக்காகச் சில பகுதிகளையும் சில காலங்களையும் மூடி வைக்கும் அதிகாரத்தையும் தருகிறது. இந்த இடத்தை முழுத் தேசியப் பூங்காவாக மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும்போதெல்லாம் உள்ளூர் வேட்டைக்காரர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இதுவே: பெயர் மாறினால், அந்த உரிமை நிற்கும் சட்ட அடித்தளமும் மாறக்கூடும்.

முதல் படி: எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

இங்கே வேட்டையாட விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விலங்கு என்பதோ எந்த ஆயுதம் என்பதோ அன்று. எந்தக் கரை என்பதே. நிலம் மத்திய அரசுடையது. ஆனால் விலங்குகளும் பருவங்களும் உரிமங்களும் மாநிலங்களின் கையில் உள்ளன. மேற்குக் கரையில் பென்சில்வேனியா வேட்டை ஆணையத்தின் விதிகள். கிழக்குக் கரையில் நியூ ஜெர்சி மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் விதிகள். இரண்டுக்கும் மேலாகத் தேசியப் பூங்கா சேவையின் விதிகள். ஒரு கரையின் உரிமம் மறுகரையில் செல்லாது. அடிபட்ட மான் ஆற்றை நீந்திக் கடந்துவிட்டால், அந்தக் கரையின் உரிமம் இல்லாதவர் ஆயுதத்தோடு அதைத் தொடர்ந்து போகக் கூடாது. காவலரை அழைத்துக் கேட்பதே முறை.

நியூ ஜெர்சிக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகுதியின் எல்லைக்குள்ளேயே வொர்திங்டன் மாநிலக் காடு இருக்கிறது. பக்கத்தில் வால்பாக், ஃபிளாட்புரூக்-ராய் போன்ற மாநில வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் இருக்கின்றன. இவை மாநில நிலங்கள் என்பதால் இவற்றின் விதிகள் சில இடங்களில் வேறுபடும். காட்டில் எல்லைக் கோடு தரையில் வரையப்பட்டிருக்காது. கைப்பேசியில் நில எல்லைகளைக் காட்டும் வரைபடத்தை, இணைய இணைப்பு இல்லாமலே திறக்கும்படி வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் சமிக்ஞை கிடைப்பது அரிது.

எந்தக் கரை நல்லது? முதல் முறையாகத் தொடங்குகிறவர், தாம் வசிக்கும் மாநிலத்தின் கரையிலேயே தொடங்குவது எளிது, மலிவு. பென்சில்வேனியாவில் வயது வந்த குடியிருப்பாளருக்கான பொது உரிமம் ஏறத்தாழ 21 டாலர்; வெளிமாநிலத்தவருக்கு ஏறத்தாழ 102 டாலர். நியூ ஜெர்சியிலும் அதே போன்ற இடைவெளி உண்டு.

இரண்டாம் படி: பாடம் படித்து உரிமம் பெறுங்கள்

இதற்கு முன் உரிமம் பெற்றிராத எவரும் வேட்டைக் கல்விப் பாடத்தை முடித்தே ஆக வேண்டும். பென்சில்வேனியாவில் 11 வயதிலிருந்து இந்தப் பாடத்தைப் படிக்கலாம். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழை மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன என்பதால், பென்சில்வேனியாவில் படித்தவர் நியூ ஜெர்சியில் திரும்பப் படிக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நியூ ஜெர்சியில் வில், சன்னங்களைச் சிதறச் சுடும் ஷாட்கன், ஒற்றைத் தோட்டாவைத் தொலைவுக்குச் சுடும் ரைபிள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தகுதி வேண்டும். வில் பாடம் மட்டும் முடித்தவர் துப்பாக்கி உரிமம் வாங்க முடியாது. குழலின் வாய் வழியே வெடிமருந்தைத் திணித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிக்குக்கூட அங்கே ரைபிள் தகுதி தேவை.

பென்சில்வேனியாவின் உரிம ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. பொது உரிமத்தோடு கொம்புள்ள மான் ஒன்றுக்கான சீட்டும், வான்கோழிக்கான சீட்டுகளும், முயல், அணில் போன்ற சிறு விலங்குகளுக்கான அனுமதியும் வந்துவிடுகின்றன. வில் பருவத்துக்கும், மருந்து திணிக்கும் துப்பாக்கிப் பருவத்துக்கும், கரடிக்கும் கூடுதல் உரிமங்கள் தேவை. கொம்பில்லாத மானுக்கான உரிமம் வேட்டை மண்டலவாரியாக, வரம்பிட்ட எண்ணிக்கையில் விற்கப்படுகிறது. இந்தப் பகுதியின் பென்சில்வேனியாக் கரை 3டி என்ற மண்டலத்தில் வருகிறது. முன்பு இதற்கு இளஞ்சிவப்பு உறையில் விண்ணப்பம் வைத்து மாவட்டக் கருவூலருக்கு அஞ்சலில் அனுப்புவார்கள். 2023 முதல் இணையத்திலும் கடைகளிலும் நேரடியாகவே வாங்கலாம். விற்பனை ஜூன் மாத இறுதியில் தொடங்கும். அக்டோபரில் நினைவு வந்து தேடுகிறவருக்குச் சீட்டு மிஞ்சியிருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

நீர்ப்பறவைகளை வேட்டையாட எண்ணினால், மாநில உரிமத்தோடு மத்திய அரசின் வாத்து முத்திரையும் வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு அது கட்டாயம்; விலை 25 டாலர். ஈயச் சன்னங்கள் நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. எஃகுச் சன்னங்கள், அல்லது நச்சற்றது என்று அங்கீகரிக்கப்பட்ட வேறு சன்னங்கள் மட்டுமே அனுமதி.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தத் தடைக்குள்ள விலக்குகளுள் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று சட்டப்படி வழங்கிய வேட்டை உரிமத்தை வைத்திருப்பது. அதாவது, வேட்டை உரிமம் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியை வாங்கித் தோளில் மாட்டிப் பார்ப்பதுகூட அவருக்கு மத்தியக் குற்றமாகலாம். அதன் விளைவு அபராதத்தோடு நிற்காமல், குடியேற்ற நிலையையே பாதிக்கும். நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலச் சட்டங்கள் தனியே இருக்கின்றன: நியூ ஜெர்சியில் நீளத் துப்பாக்கி வாங்குவதற்கே அடையாள அட்டை ஒன்றைப் பெற வேண்டும். விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டே துப்பாக்கியைத் தொடுங்கள். வில்லும், விசையை இழுத்து அம்பெய்யும் கிராஸ்போவும் மத்தியச் சட்டத்தின் பொருளில் துப்பாக்கி அல்ல. ஆகவே தொடக்கத்துக்கு வில்லே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான பரிந்துரை.

மூன்றாம் படி: ஆயுதத்தைக் கரைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

இரு கரைகளின் வேறுபாடு ஆயுதத்தில்தான் மிகக் கூர்மையாகத் தெரியும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு ரைபிள் அனுமதி உண்டு. ஆனால் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைபிளைப் பெரிய விலங்குகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. நியூ ஜெர்சியில் மானுக்கு ரைபிளே கூடாது. வில், கிராஸ்போ, ஷாட்கன், மருந்து திணிக்கும் துப்பாக்கி ஆகியவை மட்டுமே. ஷாட்கன்னும் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பென்சில்வேனியாவிலிருந்து பாலத்தைக் கடந்து வரும் வேட்டைக்காரர் பழக்கத்தில் ரைபிளோடு கிழக்குக் கரையில் இறங்கினால், தொடக்கத்திலேயே சட்டத்தை மீறியவர் ஆகிறார். நியூ ஜெர்சியின் துப்பாக்கிச் சட்டங்கள் நாட்டிலேயே கடுமையானவற்றுள் அடங்கும் என்பதையும் அவர் நினைவில் கொள்ள வேண்டும்.

மான் வேட்டைக்குச் செப்புத் தோட்டாக்களைப் பயன்படுத்தும்படி இரு கரை வேட்டைக்காரர்களையும் வேண்டிக்கொள்கிறேன். ஈயத் தோட்டா உடலுக்குள் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறும். காட்டில் விட்டுவரும் குடலை, குளிர்காலத்தில் இந்த ஆற்றங்கரைக்கு வந்து தங்கும் வெண்தலைக் கழுகுகள் தின்கின்றன. அதில் உள்ள ஈயம் அவற்றைக் கொல்லப் போதுமானது. நாம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குச் சமைத்துத் தரும் கறியிலும் அதே துணுக்குகள் இருக்கும்.

நான்காம் படி: நாட்காட்டியைப் படியுங்கள்

பருவங்களின் தேதிகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் ஒழுங்கு பெரிதாக மாறுவதில்லை. பென்சில்வேனியாவில் அக்டோபர் தொடக்கத்தில் வில் பருவம் திறந்து நவம்பர் நடுப்பகுதி வரை நீள்கிறது. நவம்பர் பிற்பாதியில் கரடிப் பருவம். துப்பாக்கி மான் பருவம், 2019 முதல், நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அது திங்கட்கிழமை தொடங்கியதால், ஊர்ப்புறப் பள்ளிகள் பல அன்று விடுமுறை விடுவது வழக்கமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு, சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கவைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கென்றே ஒரு பருவம் உண்டு. பனியில், ஒரே ஒரு வெடிக்கு ஆயத்தமாக, ஈரம் படாமல் மருந்தைக் காத்துக்கொண்டு காத்திருப்பதில் இருக்கும் பொறுமையைக் கற்க விரும்புகிறவர் அந்தப் பருவத்தைத் தவறவிடக் கூடாது.

நியூ ஜெர்சியில் வில் பருவங்கள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நீண்டு கிடக்கின்றன. டிசம்பர் தொடக்கத்தில் வரும் ஆறு நாள் துப்பாக்கிப் பருவமே அங்கே பெருநாள். அனுமதிச் சீட்டு பெற்றவர்களுக்கான ஷாட்கன், மருந்து திணிக்கும் துப்பாக்கிப் பருவங்கள் தனி. கரடி வேட்டை அங்கே நீண்ட காலமாக அரசியல் சர்ச்சையாகவே இருந்து வருகிறது: 2020 வரை நடந்தது, 2021இல் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. கரடிக்குச் செல்ல எண்ணுகிறவர், பருவம் உண்டா என்பதையே முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வசந்த காலத்தில் இரு கரைகளிலும் ஆண் வான்கோழி வேட்டை நடக்கிறது. பென்சில்வேனியாவில், நெஞ்சில் தாடி போன்ற இறகுக் கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். நியூ ஜெர்சியில் காட்டு வான்கோழி முற்றாக அழிந்துபோய், 1977இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சில பறவைகளிலிருந்து மீண்டும் பெருகியது. அந்த மீட்புப் பணிக்கு வேட்டைக்காரர்களின் பணம் பெரிதும் உதவியது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றின் மீது 11 விழுக்காடு தீர்வை வசூலாகி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை தனிக் கவனம் தேவைப்படும் நாள். நியூ ஜெர்சியில் ஞாயிறு அன்று வில்லால் மான் வேட்டையாடுவது தனியார் நிலத்திலும் மாநில வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளிலும் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. இந்தப் பொழுதுபோக்குப் பகுதி அந்த இரண்டு வகையிலும் சேராது. பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைத் தடை 2020இல் சில நாட்களுக்குத் தளர்த்தப்பட்டது. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் எந்தெந்த ஞாயிறுகளைத் திறப்பது என்ற முடிவை வேட்டை ஆணையத்திடம் ஒப்படைத்தது. அந்த ஞாயிறுகள் இந்த மத்திய அரசு நிலத்தில் பொருந்துமா என்பதைக் கிளம்பும் முன் புஷ்கில்லில் உள்ள பூங்காத் தலைமையகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பூங்கா சேவையின் விதிகளை மாநில விதிகளுக்கு மேல் வையுங்கள்

மாநில விதி அனுமதித்தாலும் பூங்கா விதி தடுத்தால், தடையே வெல்லும். அனுபவமுள்ள வேட்டைக்காரர்களும் சறுக்கும் இடம் இதுதான். அருவிப் பாதைகள், நீராடும் கரைகள், உணவருந்தும் இடங்கள், பார்வையாளர் மையங்களைச் சுற்றிய பகுதிகள் வேட்டைக்கு மூடப்பட்டவை. அவற்றைக் காட்டும் வரைபடம் பூங்கா அலுவலகத்தில் கிடைக்கும். குடியிருப்புக் கட்டடங்களிலிருந்து துப்பாக்கிக்கு 150 கஜம், அதாவது 450 அடி இடைவெளி வேண்டும் என்பது இரு மாநிலங்களுக்கும் பொது; வில்லுக்கு 50 கஜம்.

விலங்குகளுக்கு உணவிடுவதைப் பூங்கா விதிகள் தடை செய்கின்றன. நியூ ஜெர்சியில் தனியார் நிலத்தில் சோளம் கொட்டி மானை வரவழைத்துப் பழகியவர், அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பொறி வைத்துப் பிடிப்பதும் கூடாது. சட்டம் பொறியை வெளிப்படையாகக் குறிப்பிடும் பூங்காக்களில் மட்டுமே அதற்கு இடமுண்டு, இங்கே சட்டம் பேசுவது வேட்டையையும் மீன்பிடிப்பையும் மட்டுமே. மரத்தில் ஆணியோ திருகோ அடிப்பது மரத்தைக் காயப்படுத்துவதாகும். உடைமைகளைக் கவனிப்பாரின்றி 24 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது பூங்காக்களின் பொது விதி. ஆகவே பருவம் முழுவதும், மரத்தில் ஏறி அமரும் பரணைக் காட்டிலேயே கட்டி வைக்கலாம் என்று எண்ணாமல், முதுகில் சுமந்து சென்று திரும்பக் கொண்டுவரக்கூடிய இலேசான பரணை வாங்குங்கள். குறி பார்த்துப் பழகுவதற்காகச் சுடுவதற்கு இங்கே இடமில்லை. ட்ரோன்களை 2014 முதல் தேசியப் பூங்கா சேவை தன் நிலங்களில் தடை செய்திருக்கிறது. சாலையை விட்டு வண்டியை உள்ளே ஓட்டக் கூடாது. நிரப்பிய துப்பாக்கியை வண்டியில் வைத்திருக்கவும் கூடாது. காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பை எடுத்துச் செல்வதுகூடக் குற்றம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஆறாம் படி: நிலத்தை முன்கூட்டியே நடந்து பாருங்கள்

வெண்வால் மானைத் தேடுகிறவருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று வகை நிலங்கள் உண்டு. ஆற்றோரச் சமவெளியில், பூங்கா உழவர்களுக்குக் குத்தகைக்கு விடும் வயல்கள் உள்ளன. மாலையில் மான்கள் அவற்றின் ஓரங்களுக்கு வரும். நெடுஞ்சாலை 209க்கு அருகில் இருப்பதால் வேட்டைக்காரர் கூட்டமும் அங்கேதான். நடுவில், கைவிடப்பட்ட பண்ணைகள் புதர்க்காடாக மாறிய நிலம். பழைய ஆப்பிள் மரங்கள் இன்னும் காய்க்கும் இடங்களை அறிந்து வைத்திருப்பவர் அதை எவரிடமும் சொல்வதில்லை. மேலே, கிட்டட்டின்னி முகட்டின் ஓக் காடு. வெள்ளை ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கும் ஆண்டில் மான்கள் வயலை மறந்து மேட்டிலேயே தங்கிவிடும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆயுதமின்றி நடந்து பாருங்கள். சரிவின் நடுவே படிக்கட்டுப் போலச் சமமாக ஓடும் மேடைகளிலும், இரண்டு குன்றுகளுக்கு இடையே தாழும் சேணம் போன்ற இடங்களிலும் மான்தடம் ஒன்றுசேரும். இளமரங்களில் கொம்பு உரசிய தழும்பும், தரையில் காலால் பறித்த குழியும் அக்டோபரில் தோன்றத் தொடங்கும். இணை சேரும் பருவம் நவம்பர் நடுவில் உச்சம் அடைகிறது. பகல் வெளிச்சத்திலேயே ஆண் மான் அலையும் நாட்கள் அவைதாம். வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு மைல் தாண்டினால் மனிதர்கள் வெகுவாகக் குறைந்துவிடுவார்கள். ஆனால் சுட்ட மானை அதே ஒரு மைல் இழுத்து வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலத்தில் உண்ணிகள் அதிகம், அதனால் அவை கடித்துப் பரவும் லைம் நோயும் அதிகம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த உடையை அணிந்து, வீடு திரும்பியதும் உடல் முழுவதும் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

ஏழாம் படி: வேட்டை நாள்

மானுக்கான நேரம், இரு கரைகளிலும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி மறைவுக்கு அரை மணி பின்பு முடிகிறது. பென்சில்வேனியாவில் துப்பாக்கி மான் பருவத்தில் தலை, நெஞ்சு, முதுகு ஆகியவற்றில் சேர்த்து 250 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். நியூ ஜெர்சியில் துப்பாக்கியோடு செல்பவருக்கு முழு ஆரஞ்சுத் தொப்பி, அல்லது 200 சதுர அங்குல ஆரஞ்சு உடை. சட்டம் இரண்டில் ஒன்று போதும் என்றாலும் இரண்டையும் அணியுங்கள்.

பரணில் ஏறுகிறவர், தரையை விட்டுக் கால் எழுந்த கணத்திலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை உடல் முழுவதையும் தாங்கும் பட்டையை மரத்தோடு இணைத்திருக்க வேண்டும். மான் வேட்டைக்காரர்கள் படும் கடுங்காயங்களுக்குப் பரணிலிருந்து விழுவது முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆயுதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், வெறுமையாக்கிக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியாவில் கொம்புள்ள மானைச் சுடும் முன் கொம்பின் கிளைகளை எண்ண வேண்டும். 2002இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, இந்த மண்டலத்தில் ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று கிளைகள் இருக்க வேண்டும். இளையோருக்கு விலக்கு உண்டு. உரிம ஆண்டு ஒன்றுக்குக் கொம்புள்ள மான் ஒன்றே. எண்ண முடியாத தொலைவு, சுடக் கூடாத தொலைவு. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலைக் குறி வையுங்கள். அப்பால் மலைச்சரிவோ மண்ணோ தோட்டாவைத் தாங்க இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடவே கூடாது; முகட்டின் மேல் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானுக்குப் பின்னால், ஏறத்தாழ 27 மைல் நீளத்துக்கு அப்பலாச்சியன் பாதை போகிறது, அதில் மனிதர்கள் நடக்கிறார்கள்.

எட்டாம் படி: சுட்ட பிறகு

அம்பு பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டுகிறது. அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். கறுஞ்சிவப்பு இரத்தம் ஈரலைக் காட்டுகிறது. மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். அம்பில் பசுமையான கறையும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு எழுப்பிவிட்ட மான் மைல் கணக்கில் ஓடி, எவருக்கும் பயன்படாமல் வேதனையோடு சாகும். அந்தப் பொறுமை விலங்குக்கு நாம் பட்ட கடன்.

பென்சில்வேனியாவில், மானை இடம் பெயர்க்கும் முன்பே சீட்டை நிரப்பிக் காதில் கட்ட வேண்டும். பத்து நாட்களுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். கரடியை 24 மணி நேரத்துக்குள் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நியூ ஜெர்சியில் மானை அன்றைக்கே தானியங்கி அறிவிப்பு முறையில் பதிய வேண்டும். குடல் நீக்குவதைப் பாதைகள், ஓடைகள், வாகன நிறுத்தங்கள் ஆகியவற்றிலிருந்து நன்கு விலகிச் செய்யுங்கள். அடுத்த நாள் அந்த வழியே குழந்தைகளோடு வருபவர் அதைப் பார்க்க நேரக் கூடாது.

இனி, நியூ ஜெர்சியில் வசித்து, பென்சில்வேனியாக் கரையில் வேட்டையாடுகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் நெடுநாள் நலிவு நோய் பென்சில்வேனியாவில் 2012இல் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அந்நோய் உள்ள மாநிலங்களிலிருந்து மானின் முழு உடலை நியூ ஜெர்சி தன் எல்லைக்குள் அனுமதிப்பதில்லை. நோயைச் சுமக்கும் பொருள் மூளை, முதுகுத்தண்டு, நிணநீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றில் செறிந்திருப்பதால், எலும்பு நீக்கிய கறி, சுத்தம் செய்த தோல், திசு ஒட்டாத மண்டைத் தகட்டோடு கூடிய கொம்பு போன்றவற்றை மட்டுமே கொண்டுவரலாம். ஆகவே மானை வண்டியின் பின்புறம் ஏற்றிக்கொண்டு டிங்மன்ஸ் ஃபெரி பாலத்தைக் கடந்து வீடு திரும்புவது சட்டமீறல். மேற்குக் கரையிலேயே கறிக்கடையில் கொடுத்து எலும்பு நீக்கி வாங்கிவர வேண்டும். கறி மிஞ்சினால், வேட்டைக் கறியைப் பசித்தவர்களுக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்புகள் இரு மாநிலங்களிலும் உண்டு.

வேட்டையாடாமல் அங்கே நடக்கப் போகிறவர்களுக்கு

அக்டோபர் முதல் ஜனவரி வரையிலும், வசந்த கால வான்கோழிப் பருவத்திலும், மவுண்ட் டாமனிக்கோ ரேமண்ட்ஸ்கில் அருவிக்கோ போகும் குடும்பங்கள் ஒளிரும் ஆரஞ்சு நிற மேலாடை அணிவது நல்லது. குழந்தைகளுக்கும் நாய்க்கும் சேர்த்து. மான் பருவத்தில் பழுப்பும் வெள்ளையும் தவிர்க்க வேண்டிய நிறங்கள். வான்கோழிப் பருவத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஆண் வான்கோழியின் தலை நிறங்கள் என்பதால் அவற்றைத் தவிருங்கள். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். விடியலிலும் அந்தி வேளையிலும் நடப்பதைக் கூடியவரை குறைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டால், சாதாரணக் குரலில் பேசி, நீங்கள் இருப்பதை அவருக்குத் தெரியப்படுத்திவிட்டு அமைதியாகக் கடந்து செல்லுங்கள். சட்டப்படி வேட்டையாடுகிறவரை வேண்டுமென்றே இடையூறு செய்வது இரு மாநிலங்களிலும் குற்றம். விதிமீறலைக் கண்டால் நீங்களே எதிர்கொள்ளாமல், வண்டி எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பூங்காக் காவலரிடம் சொல்லுங்கள்.